ஏட்டைத் தொட்டுப் படிக்க ஒரு திரை: ராமநாதபுரம் கடற்கரை ஊர் நூலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கீழக்கரையில் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் தோணிக் கணக்கேடுகளும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்ப் பாடல் பிரதிகளும் இருக்கின்றன. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தனுஷ்கோடியிலிருந்து வந்த குடும்பங்கள் சில, கையில் கிடைத்த காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. இவற்றை ஸ்கேன் செய்ய இப்போது ஆளும் கருவியும் கிடைக்கிறார்கள், கிடைக்கின்றன. ஆனால் ஸ்கேன் முடிந்ததும் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை மறுபடி பார்ப்பதே இல்லை.

ஊர் நூலகத்தில், பள்ளியில், ஜமாஅத் வாசிப்பறையில் அல்லது பங்குக் கோயில் கூடத்தில் ஒரு தொடுதிரை வைத்து, அந்த ஏடுகளைக் குறிப்புகளோடு படிக்கச் செய்வது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கொஞ்சம் வெப் நிரல் தெரிந்த ஒருவரும், பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும், இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே கொள்கைதான் இருக்கிறது. ஏடு முதலில், குறிப்பு அதற்குப் பின்னால். வாசகர் எந்த இடத்தில் விரல் வைத்தாரோ அந்த இடத்துக்குக் குறிப்பு பதில் சொல்ல வேண்டும், அந்த இடத்தை மறைக்கக் கூடாது. எந்த வரிக்கு எந்தக் குறிப்பு என்ற தொடர்பு ஒரு கணம்கூட அறுந்துபோகக் கூடாது.

படி 1: முதலில் கையைப் பாருங்கள்

பெரும்பாலான தொடுதிரைகள் மின்தேக்க வகை. விரலின் ஈரமும் மின்கடத்தும் தன்மையும்தான் தொடுதலை உணர்த்துகின்றன. வலை இழுத்துக் காய்ப்பு ஏறிய விரல் நுனி வறண்டிருக்கும். மெல்லத் தொட்டால் திரை கண்டுகொள்ளாது. பாம்பன் தீவின் சின்னப்பாலம் பகுதியில் கடல்பாசி எடுக்கும் பெண்கள், பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். அந்த வேலை செய்த விரல் நுனியின் தோல் வேறு மாதிரி இருக்கும். மறுபக்கம், உப்பு ஈரம் பட்ட கை திரையில் ஒரு துளி நீரை விட்டுப்போனால், திரை அதையே இன்னொரு விரலாக எண்ணிக்கொள்ளும். படம் தானே பெரிதாகும், சுருங்கும்.

அதனால் திரை வாங்குவதற்கு முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். கடையில் ஈர விரலாலும் வறண்ட விரலாலும் தொட்டுப் பாருங்கள். உறை போட்ட கைக்கும் வேலை செய்யும் அமைப்பு அதில் உண்டா என்று கேளுங்கள். அந்த அமைப்பில் உணர்திறன் கூடுவதால் காய்ப்பு ஏறிய விரலையும் திரை அறியும். திரைக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் துண்டு தொங்கவிட ஆணி அடித்துவிடுங்கள். அகச்சிவப்புச் சட்டம் பொருத்திய திரைகள் எந்த விரலையும், குச்சியையும்கூட ஏற்கும். ஆனால் விளிம்பில் மணலும் தூசும் படிந்தால் தடுமாறும், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி உட்கார்ந்தாலும் தொட்டதாக எண்ணும். மணல் பறக்கும் நம் கரைக்கு நான் மின்தேக்க வகையைத்தான் சொல்வேன்.

திரையை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். கடலோர வெளிச்சத்தில் ஏட்டின் பழுப்பும் எழுத்தின் கறுப்பும் ஒன்றாகிவிடும். சுவரில் செங்குத்தாக மாட்டினால் கை தூக்கியே படிக்க வேண்டும், சீக்கிரம் தோள் வலிக்கும். மேசையில் எழுதும் சாய்வில் வைத்தால் முழங்கையை ஊன்றிக்கொண்டு படிக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும், மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய இடமும் வேண்டும்.

படி 2: ஏட்டைப் படமாக்குதல்

காகித ஏடுகளை 400 முதல் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) அளவில் வண்ணத்தில் எடுங்கள். பக்க ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். ஓரத்தில்தான் கூட்டல் கணக்கும் சாட்சிக் கையொப்பமும் இருக்கும். அளவுகோலும் வண்ண அட்டையும் முதல் படத்தில் இருக்கட்டும். ஓலைச்சுவடிக்கு இரு பக்கமும் வேண்டும். எழுத்தில் மை ஏறாத ஓலையைப் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எடுத்தால் கீறல் தெரியும். படத்துக்காக மை தடவுவதும், கண்ணாடி வைத்து அழுத்துவதும் வேண்டவே வேண்டாம். அது சுவடி பராமரிப்புப் பயிற்சி பெற்றவர் கையால் மட்டும் நடக்க வேண்டிய வேலை.

படங்களை அப்படியே திரையில் ஏற்றினால் ஒவ்வொரு பக்கமும் திறக்க நேரமாகும். 40 செ.மீ. நீள ஓலையை 600 டிபிஐயில் எடுத்தால் அகலம் மட்டுமே ஏறக்குறைய 9,450 பிக்சல். இதைச் சிறு சதுரங்களாக, பல அளவு அடுக்குகளாக வெட்டி வைப்பதுதான் வழக்கம். வாசகர் பார்க்கும் இடத்தின் சதுரங்கள் மட்டும் வந்தால் போதும். உலகெங்கும் நூலகங்கள் இதற்கு ஐஐஐஎஃப் (IIIF) என்ற பொதுத் தரத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் 'லெவல் 0' என்ற எளிய நிலை உண்டு. சதுரங்களை முன்கூட்டியே வெட்டிக் கோப்புகளாக வைத்துவிட்டால் தனியாகப் பட சர்வர் தேவையில்லை. இணையம் வந்து வந்து போகும் ஊருக்கு இதுவே பொருத்தம். காட்டுவதற்கு ஓபன்சீட்ராகன், மிராடோர் போன்ற இலவசத் திறமூல நிரல்கள் இருக்கின்றன. நம் தேவைக்கு ஓபன்சீட்ராகனை எடுத்து, அதன் மேல் நாமே கட்டுவது நல்லது. மிராடோர் ஆய்வாளர்களுக்கு வசதியானது. முதல்முறை வருபவரை அதன் பொத்தான்கள் மிரட்டும்.

படி 3: குறிப்பை எதில் கட்டுவது

திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

குறிப்பு என்பது இரண்டு பாகம்: சொல்லும் செய்தி, அது சுட்டும் இடம். வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 2017 பிப்ரவரியில் வெளியிட்ட வெப் அனோட்டேஷன் தரம் இப்படித்தான் பிரிக்கிறது. நீங்களும் இந்த வடிவத்திலேயே சேமியுங்கள். பிற்பாடு திரை மாறலாம், நிரல் மாறலாம், குறிப்புகள் அப்படியே புது வீட்டுக்குக் குடிபோகும். வேர்டு கோப்பிலோ, படத்தின் மேலேயே எழுதியோ வைத்தால் அந்த உழைப்பு அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

சுட்டும் இடத்தைப் படத்தில் ஒரு செவ்வகமாகக் குறிக்கலாம்: இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, அகலம், உயரம் என நான்கு எண்கள். ஆனால் அந்த எண்களை ஒரு குறிப்பிட்ட ஸ்கேன் கோப்பின் பிக்சலில் எழுதினால், நாளை நல்ல கேமராவில் மறுபடி எடுக்கும்போது எல்லாக் குறிப்பும் இடம் தவறி நிற்கும். ஐஐஐஎஃப் இதற்காகவே 'கேன்வாஸ்' என்று ஒரு பரப்பை வைத்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு நிலையான பரப்பு. படம் அதன் மேல் விரிக்கப்படுகிறது. குறிப்பு பரப்பில் ஒட்டியிருக்கிறது. படம் மாறினாலும் குறிப்பு அசையாது. சாய்ந்தும் வளைந்தும் ஓடும் கையெழுத்து வரிக்குச் செவ்வகம் போதாது, பக்கத்து வரியையும் சேர்த்து விழுங்கிவிடும். அங்கே பலகோணம் வரையுங்கள்.

ஏட்டின் வாசகத்தைத் தட்டச்சு செய்து அதில் குறிப்புக் கட்டும்போது தமிழுக்கே உரிய சிக்கல்கள் தலைகாட்டும். 'தோணி' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறியீடு: த, ஓகாரக் குறி, ண, இகரக் குறி. சில விசைப்பலகைகள் ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்து அனுப்பும், அப்போது ஐந்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். "இந்த வரியில் 12ஆம் இடத்திலிருந்து 16ஆம் இடம் வரை" என்று எண்ணிக் கட்டிய குறிப்பு, வேறொருவர் தட்டச்சு செய்த பிரதியில் அரை எழுத்து தள்ளி நிற்கும். கொம்பு மட்டும் மஞ்சளாகி, எழுத்து வெள்ளையாக நிற்கும் அவலட்சணம் இப்படித்தான் வருகிறது.

தீர்வு மூன்று பகுதி. ஒன்று, எல்லா வாசகத்தையும் சேமிக்கும் முன் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள். பிரிந்த ஓகாரம் ஒன்றாகிவிடும். இரண்டு, எண் இடத்தை மட்டும் நம்பாமல், சுட்டும் சொல்லையும் அதற்கு முன்பின் உள்ள சில சொற்களையும் சேர்த்தே சேமியுங்கள். தரத்தில் இதற்கென்றே வகை உண்டு. மூன்று, என்எஃப்சி சரிசெய்யாத இரண்டைக் கையால் பிடியுங்கள். 'கௌ' என்பதை ஔகாரக் குறியோடு எழுதுபவர்களும் உண்டு, கொம்புக்கும் ககரத்துக்கும் பின்னால் 'ள' எழுத்தைத் தட்டுபவர்களும் உண்டு. 'ஸ்ரீ' என்பதும் இரண்டு விதக் குறியீட்டில் வரும், ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றது யூனிகோடில் பிறகு சேர்ந்த ஶகரத்தில். பழைய பத்திரங்கள் பல 'ஸ்ரீ' போட்டே தொடங்கும். ஆகவே இதை விட்டால் முதல் வரியிலேயே தேடல் தடுக்கும்.

படி 4: குறிப்பில் என்ன எழுதுவது

ஒரு கணக்கேட்டுப் பக்கத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். மேல் வரியில் "குரோதி ௵ மார்கழி ௴" என்று இருக்கிறது. கீழே பெயர்கள், சரக்குகள், ௷ குறிக்குப் பின் சில தொகைகள், ௶ குறிக்குப் பின் சில. மூன்றாவது வரியில் வெறும் ௸.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் குறிகள் எதுவும் தெரியாது. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். எல்லாமே யூனிகோடில் இருக்கின்றன. தட்டச்சிலும் ஏட்டில் உள்ளபடியே போடலாம். முந்திரி, காணி, மா போன்ற பின்னங்களுக்கும் 2019இல் வந்த யூனிகோடு 12இல் இடம் கிடைத்துவிட்டது. குறிப்பில் 'முந்திரி' என்று மட்டும் எழுதாமல் '1/320' என்றும், 'காணி' பக்கத்தில் '1/80' என்றும், 'மா' பக்கத்தில் '1/20' என்றும் போடுங்கள். எழுத்துருவில் இந்தக் குறிகள் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

௸ மேல் விரல் வைத்தால் 'மேற்படி' என்று மட்டும் சொல்வது அரைகுறைக் குறிப்பு. மேலே எது என்பதல்லவா கேள்வி? குறிப்பு திறக்கும்போது, மேல் வரியில் அது சுட்டும் பெயரும் அதே நிறத்தில் கோடிடப்பட வேண்டும். வாசகர் கண் தானாக அங்கே போகும். இந்த ஒரு சின்ன இணைப்பைச் செய்து பார்த்தால், நல்ல குறிப்பு என்பது ஏட்டை நோக்கியே வாசகரைத் திருப்பிவிடுவது என்பது விளங்கும்.

ஆண்டுக்கு வருவோம். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். குரோதி மார்கழி 1904இலும் வந்தது, 1964இலும் வந்தது, 2024இலும் வந்தது. நம் கரையில் 1964 மார்கழி என்றால் டிசம்பர் 22, 23 இரவின் புயல், தனுஷ்கோடி அழிந்த மாதம். அந்தப் பக்கம் எந்தக் குரோதி என்பதைப் பொறுத்துப் பக்கத்தின் பொருளே வேறாகிவிடும். ஆகவே குறிப்பில் ஒரே ஆண்டைத் துணிந்து எழுதிவிடாதீர்கள். சாத்தியமான ஆண்டுகளைக் காட்டி, எது என்று நினைக்கிறோம், ஏன் என்று எழுதுங்கள்: காகித வகை, நாணயத்தின் பெயர், ஏட்டில் வரும் வேறு தேதி. ஒவ்வொரு குறிப்பிலும் 'உறுதி', 'ஊகம்' என்று ஒரு சிறு அடையாளம் இருக்கட்டும். கூடவே யார் சொன்னது என்பதும். "தோணி ஓட்டிய குடும்பத்துப் பெரியவர் சொன்னது" என்பது ஒரு வகைச் சான்று, "வேறு ஏட்டோடு ஒப்பிட்டது" என்பது இன்னொரு வகை. இரண்டையும் கலக்காதீர்கள். பெரியவர் பெயரைப் போட அவரிடமே அனுமதி கேளுங்கள்.

குறிப்புகளை நான்கு அடுக்காகப் பிரித்தால் போதும்: உள்ளபடியே எழுத்துப்பெயர்ப்பு, இன்றைய தமிழ், விளக்கம், குரல். வாசகர் எதை வேண்டுமோ அதை மட்டும் திறக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சுக் காகிதங்களில் பழைய ணா, றா, னா, துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை வரும். இவற்றுக்குத் தனி விளக்கம் வேண்டாம், எழுத்துப்பெயர்ப்பு அடுக்கே போதும்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணக்கேட்டில் ௶ பக்கம் இருக்கும் பெயர்கள் யாரோ ஒருவரின் பாட்டனார் பெயர்கள். ஊரில் பேரன் பேத்திகள் நடமாடுகிறார்கள். கடன், வழக்கு, திருமண ஒப்பந்தம் பற்றிய வரிகளைப் பொதுத்திரையில் வைக்குமுன் அந்தக் குடும்பத்திடம் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் பொதுத்திரையில் வேண்டாம். அவர்கள் நம்பிக்கையை இழந்தால் அடுத்த பெட்டி திறக்காது.

படி 5: திரையைப் பிரிப்பது

தொட்ட இடத்தின் மேலேயே குதித்து வரும் பெட்டியைத் தவிருங்கள். அது ஏட்டை மறைக்கும், போதாததற்கு வாசகரின் கையே அந்தப் பெட்டியை மறைக்கும். குறிப்புக்குத் திரையில் நிலையான ஓர் இடம் கொடுங்கள். அகலமான திரையில் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு. கைப்பேசியிலோ நிறுத்திவைத்த டேப்லெட்டிலோ கீழ்ப்பாதி. குறிப்பு திறந்ததும் தொட்ட வரி கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மெல்ல நகர வேண்டும், வரியிலிருந்து குறிப்புக்கு ஒரு மெல்லிய கோடு ஓட வேண்டும். பக்கத்தை நகர்த்தினால் கோடும் கூடவே நகரட்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குக் குறிப்பை மறுபக்கம் மாற்ற ஒரு பொத்தான் வையுங்கள், அதற்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை.

ஓலைக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அது மெலிந்து நீண்டது, திரையோ அப்படியில்லை. 40 செ.மீ. ஓலையை 22 செ.மீ. அகலமுள்ள 10 அங்குல டேப்லெட்டில் முழுதாகக் காட்டினால் 4 மி.மீ. எழுத்து 2 மி.மீ. ஆகிவிடும், மேலும் கீழும் வெற்றிடம் காயும். அதனால் மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். மேலே முழு ஓலையின் சிறு உருவம், அதில் இப்போது பார்க்கும் பகுதி ஒரு கட்டத்துக்குள். நடுவில் பெரிதாக்கிய பகுதி. அதன் கீழே அந்த வரியின் எழுத்துப்பெயர்ப்பு. விரல் நடுப்பட்டையை இடப்பக்கம் தள்ளினால் மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவ ஓர் அம்புக்குறி. இது இல்லாவிட்டால் 40 செ.மீ. திரும்பித் தள்ளிக்கொண்டே போக வேண்டும், பாதியில் வரி தவறும்.

கீழக்கரைப் பிரதிகளுக்கு வேறு கவனம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற அறிஞர்கள் எழுதிய அரபுத்தமிழ், தமிழை அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவது. பக்கம் புரளும் திசையும் எதிர். தமிழ் நூலுக்கு இடப்பக்கம் தள்ளினால் அடுத்த பக்கம். இங்கே வலப்பக்கம் தள்ளினால்தான் அடுத்த பக்கம் வர வேண்டும். இந்தத் திசையை ஒவ்வோர் ஏட்டின் விவரத்திலும் தனியாகச் சேமியுங்கள். தமிழ் எழுத்துப்பெயர்ப்பு இடமிருந்து வலமாக ஓடுவதால், ஏட்டில் ஒரு சொல்லைத் தொட்டால் எழுத்துப்பெயர்ப்பில் அதற்கு ஒத்த சொல் நிறம் மாறுவது இங்கே மிக அவசியம். கண்ணால் மட்டும் ஒப்பிட முடியாது.

குறிப்பு உள்ள இடங்களில் எழுத்தின் மேல் எண்ணையோ புள்ளியையோ ஒட்டாதீர்கள். வரிக்கு அடியில் மெல்லிய கோடு போதும். அதையும் வாசகர் மறைக்க முடிய வேண்டும். ஏட்டைச் சும்மா பார்க்க விரும்புபவருக்கு அந்த உரிமை உண்டு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; விளக்கத்துக்கு நேர்கோடு, குரலுக்குப் புள்ளிக்கோடு என்று வடிவத்திலும் வேறுபாடு காட்டுங்கள்.

படி 6: விரலின் அசைவுகள்

தொட்டால் குறிப்பு. இழுத்தால் நகர்வு. இரு விரல் விரித்தால் பெரிது. இந்த மூன்றுக்கு மேல் சைகைகள் வேண்டாம். இவற்றுக்கும் பொத்தான் மாற்று இருக்க வேண்டும், ஏனென்றால் இரு விரலை ஒன்றாக வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கூட்டல், கழித்தல், அடுத்த வரி, முந்தைய வரி. சுட்டியை மேலே கொண்டுபோனால் தெரியும் வகைக் குறிப்புகளை மறந்துவிடுங்கள்; தொடுதிரையில் விரலுக்கு 'மேலே மிதப்பது' என்ற நிலையே கிடையாது.

அளவு. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி (WCAG) 2.2, அதாவது வெப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டுவதற்கான வழிகாட்டி, தொடும் பொருளுக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது, உயர் நிலையில் 44. ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48 டிபி (dp, ஆண்ட்ராய்டின் திரை அளவை), அதாவது ஏறக்குறைய 9 மி.மீ. சொல்கிறது. பொதுத்திரையில் பிக்சல் கணக்கு ஏமாற்றும்: அதே 44 பிக்சல், 1920 பிக்சல் அகலமுள்ள 24 அங்குலத் திரையில் 12 மி.மீ., அதே பிக்சல் அகலமுள்ள 43 அங்குலத் திரையில் 22 மி.மீ. ஆகவே அளவுகோலை எடுத்துத் திரையிலேயே அளந்து பாருங்கள். பொத்தானுக்கு 12 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், நம் கரை விரல்களுக்கு 15 இன்னும் நல்லது.

பொத்தானைப் பெரிதாக்கலாம், ஏட்டில் இருக்கும் ௸ பெரிதாகுமா? 4 மி.மீ. குறி, பக்கத்திலேயே இன்னொன்று. இதற்கு விரல் பட்ட புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வைத்து, அதற்குள் உள்ள மிக அருகிலான குறிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு குறிப்புகள் ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தால் நிரல் ஊகிக்க வேண்டாம். குறிப்புப் பகுதியில் இரண்டின் முதல் வரியையும் காட்டி, "இதுவா, அதுவா?" என்று கேட்கட்டும். குறிப்பே இல்லாத இடத்தைத் தொட்டால் அமைதியாக இருந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் குறிப்புள்ள எல்லா இடமும் ஒரு நொடி மெல்ல ஒளிர்ந்து அடங்கட்டும். அடுத்து எங்கே தொடலாம் என்று வாசகர் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

தொடுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள எல்லையைத் தாராளமாக வையுங்கள். வயதானவர் விரல் வைக்கும்போது நான்கைந்து மி.மீ. நழுவும், அதை இழுப்பு என்று எடுத்துக்கொண்டால் அவருக்குக் குறிப்பே திறக்காது. விரலை எடுக்கும்போது செயல் நடக்கட்டும், வைத்ததும் வேண்டாம். தவறிய இடத்தில் வைத்தவர் நழுவி விலக வழி வேண்டும். தொட்ட பத்தில் ஒரு நொடிக்குள் அந்த வரியில் ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும், குறிப்பு வரத் தாமதமானாலும் சரி. தெரியாவிட்டால் மறுபடி குத்துவார்கள். நிரல் எழுதுபவருக்கு ஒன்று: படப் பகுதியில் சிஎஸ்எஸ்-இன் டச்-ஆக்‌ஷனை 'none' என்றும், குறிப்புப் பகுதியில் 'pan-y' என்றும் வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிரலும் உலாவியும் ஒரே விரலுக்குப் போட்டி போடும்.

குறிப்பின் எழுத்து 5 மி.மீ. உயரமாவது இருக்கட்டும், வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.6 மடங்கு. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் நெருக்கினால் மோதும்.

படி 7: தேடல்

நம் ஊர்ப் பெயர்களே தேடலுக்கு முதல் சோதனை. ராமநாதபுரம், இராமநாதபுரம்; ராமேஸ்வரம், இராமேசுவரம்; தேவிபட்டினம், தேவிபட்டணம். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வர வேண்டும். பழைய ஓலைகளில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் இருக்கும். தேடலுக்கு மட்டும் ஒரு மறைவான பிரதியை உருவாக்கி, அதில் புள்ளிகளை நீக்கி, குறில் நெடில் கொம்பை ஒன்றாக்கி வையுங்கள். காட்டும்போது மூல வடிவத்தையே காட்டுங்கள். விடைகளைப் பட்டியலாகக் கொட்டாமல், ஏட்டில் அந்தச் சொல் உள்ள வரியின் படத்துண்டோடு காட்டினால், படிக்கத் தெரியாதவருக்கும் கையெழுத்து பழகும்.

பொதுத்திரையில் விசைப்பலகை எல்லோருக்கும் வராது. ஊர், சரக்கு, தோணி, ஆண்டு என்று தொட்டுத் தேர்ந்தெடுக்கும் சில வாயில்களையும் முகப்பில் வையுங்கள்.

படி 8: குரல்

கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்ற காற்றுப் பெயர்கள் ஏட்டில் வந்தால், அகராதிப் பொருளைவிட ஒரு கடலோடி தன் வாயால் சொல்வது பயன் தரும். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போவார்கள், பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் அதே காற்றில் எப்படி வேறுபடும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். பதிவு ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். பேசியதை எழுத்திலும் கொடுங்கள். தானாக ஒலிக்க விடாதீர்கள், வாசிப்பறையில் மற்றவர்களும் இருப்பார்கள்.

படி 9: இயந்திரமும் மின்சாரமும்

எல்லாக் கோப்பும் உள்ளூர் மினி கணினியிலேயே இருக்கட்டும். இணையம் இல்லாவிட்டாலும் ஏடு திறக்க வேண்டும். யுபிஎஸ் கட்டாயம். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழுந்து முகப்புக்கு வரும்படி அமையுங்கள். பூட்டிய கியோஸ்க் முறையில், அதாவது வாசகர் இந்தத் திரையை விட்டு வேறு நிரலுக்குப் போக முடியாதபடி ஓட்டுங்கள். ஒன்றரை நிமிடம் யாரும் தொடாவிட்டால் "இன்னும் படிக்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் முகப்புக்குத் திரும்பட்டும். கேட்காமல் மூடக் கூடாது. நீண்ட குறிப்பைப் படிப்பவர் திரையைத் தொடாமல்தான் இருப்பார்.

உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். மூடிய பெட்டிக்குள், விசிறியில்லாத கணினி நல்லது. திரையைத் துடைக்க லேசாக ஈரமான மென்துணி. கரகரப்பான மணல் படிந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும்.

படி 10: ஊரோடு உட்கார்ந்து பார்த்தல்

முதல் சோதனைக்கு ஒரே ஓர் ஏடு, பத்துப் பதினைந்து குறிப்புகள் போதும். கடலுக்குப் போகாத வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, அந்தந்த ஊர் வழக்கப்படி நாள் பாருங்கள். வருபவரிடம் "இதை எப்படிப் பயன்படுத்துவது" என்று சொல்லித்தராதீர்கள். "காக்கா, இந்த வரியில யார் பேர் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று (காக்கா என்றால் இங்கே அண்ணன்) ஒரு வேலை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். "இதத் தொட்டா என்ன வரும் தம்பி?" என்று அவர் கேட்டால், கேட்ட இடத்தை எழுதிக்கொள்ளுங்கள், அங்கே திரை தானே சொல்லியிருக்க வேண்டியது ஏதோ விடுபட்டிருக்கிறது. குறிப்பைப் படித்துவிட்டு, அந்த வரி ஏட்டில் எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டினால் படி 5 சரியாக அமைந்திருக்கிறது. தேடினார் என்றால் இணைப்புக் கோட்டையும் நகர்வையும் மறுபடி பாருங்கள்.

குறிப்பு தவறென்று சொல்பவர்கள் கட்டாயம் வருவார்கள், வரத்தான் வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் "எனக்கு வேறு தெரியும்" என்று ஒரு பொத்தான் வையுங்கள். தொட்டால் ஒலிப்பதிவு தொடங்கட்டும். எழுதச் சொன்னால் பாதிப்பேர் விலகிவிடுவார்கள். பதிவு நேரே திரையில் ஏறாமல் ஒரு வரிசையில் காத்திருக்கும். மாதம் ஒருமுறை ஊரில் இருவர், ஏடு படிக்கத் தெரிந்த ஒருவர் சேர்ந்து கேட்டு, ஏற்பதை இரண்டாவது குறிப்பாகச் சேருங்கள். பழையதை அழிக்காமல் தேதியோடு கீழே வையுங்கள். குறிப்புக் கோப்புகள் மிகச் சிறியவை. ஒவ்வொரு மாதமும் ஒரு பிரதியை ஏடு தந்த குடும்பத்திடமும், இன்னொன்றைக் கடற்கரையிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் ஒரு நூலகத்திலும் கொடுத்து வையுங்கள்.